ஏட்டில் ஏறாத சரக்கு

நுழையும்முன்

உலக வணிகச் சரக்கில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்டது கடல்வழியே செல்கிறது. நாம் உண்ணும் பருப்பு, அடுப்பில் எரியும் எரிவாயு, கையில் வைத்திருக்கும் அலைபேசி எனப் பலவும் ஏதேனும் ஒரு துறைமுகத்தைக் கடந்தே நம்மை வந்தடைகின்றன. அத்துறைமுகம் தன் அண்டையில் வாழ்வோருக்கு என்ன செய்கிறது? அதனால் விளையும் தீங்கைத் தடுக்க மேற்கொள்ளப்படும் முயற்சிகளுள் எவை தீர்வுகள், எவை வெறும் இடமாற்றங்கள்? சென்னை, எண்ணூர்க் கடற்கரைகளை முன்வைத்து இவ்வினாக்களை இப்பாடம் ஆராய்கிறது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் துறையை நம் கண்முன் நிறுத்துகிறது. கடலிலிருந்து கரைக்கு இறங்கும் பண்டங்களையும் கரையிலிருந்து கடலுக்கு ஏறும் பண்டங்களையும் சுங்கம் கொள்வோர் ஓய்வின்றி ஆராய்கின்றனர். சோழனின் புலி முத்திரையைப் பொறித்த பின்னரே அவற்றை வெளியே விடுகின்றனர். இன்றைய துறைமுகமும் கணக்கில் கண்ணும் கருத்துமாகவே இருக்கிறது. எந்தக் கப்பல் எந்நேரத்தில் வந்தது, எத்தனை டன் இறக்கியது, எத்தனை மணிநேரம் தளத்தில் நின்றது என்பன அனைத்தும் பதிவாகின்றன. ஒவ்வொரு சரக்குப் பெட்டகத்திற்கும் தனி எண் உண்டு.

ஆயினும், துறைமுகத்தின் வழியே செல்லும் பொருள்கள் அனைத்தும் அவ்வேட்டில் ஏறுவதில்லை. அலைத்தடுப்புச் சுவரில் சிக்கிய மணல், காற்றில் பறந்த நிலக்கரித் தூசி, நீரில் கலந்த எண்ணெய், கப்பலின் அடிவயிற்றில் ஒளிந்துவந்த உயிரினம், புகைபோக்கி உமிழ்ந்த புகை ஆகிய ஐந்தும் ஏட்டில் ஏறாத சரக்குகள். அவற்றைப் பெற்றுக்கொள்வோர் வணிகர் அல்லர். துறைமுகத்தை அடுத்து வாழும் மக்களும் கடல்வாழ் உயிர்களுமே ஆவர். துறைமுகச் சூழல் பாதுகாப்பு என்பது இந்த ஐந்தையும் கணக்கிற்குள் கொண்டுவரும் முயற்சியாகும். அம்முயற்சியின் வெற்றியும் தோல்வியும் நம் கண்ணெதிரிலேயே உள்ளன.

மணலின் பயணம்

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரையிலிருந்து தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகள் ஆள்களையும் சரக்குகளையும் அலைகளின் ஊடே கரைசேர்த்த காலம் ஒன்று இருந்தது. அந்நிலையை மாற்ற, 19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், திறந்த கடலுக்குள் கற்சுவர்கள் எழுப்பப்பட்டுச் செயற்கைத் துறைமுகம் உருவாக்கப்பட்டது. 1881-ஆம் ஆண்டுப் புயல் அச்சுவர்களைச் சிதைத்தது. அவை மீண்டும் கட்டப்பட்டன. புயலைவிடப் பொறுமையான வேறோர் ஆற்றலும் அங்கே செயல்பட்டுக்கொண்டிருந்தது. அதுவே மணல்.

சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி மணல் ஓயாது பயணம் செய்கிறது. சாய்வாக வந்து மோதும் அலைகள் மணலைக் கரையோரமாக நகர்த்துகின்றன. ஆண்டின் பெரும்பகுதியில் இந்நகர்வு தெற்கிலிருந்து வடக்கு நோக்கி அமைகிறது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் எதிர்த்திசையில் திரும்புகிறது. இரண்டையும் கூட்டிக் கழித்தால் எஞ்சுவது வடக்கு நோக்கிய நகர்வே. இந்தப் பாதையின் குறுக்கே சுவர் எழுந்தபோது தெற்கிலிருந்து வந்த மணல் அங்கேயே தங்கியது. மெரினா கடற்கரை இன்று காணும் அகலத்தைப் பெற்றதில் இத்தேக்கத்திற்குப் பெரும்பங்கு உண்டு. கிழக்கு நோக்கி அமைந்திருந்த துறைமுக வாயிலும் மணலால் தூர்ந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை வடகிழக்குப் பக்கத்திற்கு மாற்ற வேண்டியதாயிற்று.

தெற்கே சேர்ந்த மணல் வடக்கே போய்ச் சேரவேண்டிய மணலன்றோ? வரவு நின்றது, அலைகள் அள்ளிச் செல்வது மட்டும் நிற்கவில்லை. இராயபுரத்திலிருந்து வடக்கே கடற்கரை தேயத் தொடங்கியது. மீனவர் குடியிருப்புகளும் படகுகளை ஏற்றி வைக்கும் மணற்பரப்பும் சிறிது சிறிதாகக் கடலுக்குள் போயின. மெரினாவின் வளர்ச்சியும் இராயபுரத்தின் இழப்பும் ஒரே சுவரின் இரண்டு விளைவுகள்.

அரிப்பைத் தடுக்கப் பாறைகள் கொட்டப்பட்டன. கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகள் அமைக்கப்பட்டன. இவை தாம் இருக்கும் இடத்தைக் காத்தன என்பது உண்மை. ஆனால், தூண்டில் வளைவும் ஒரு சிறு சுவரே. தன் தென்புறத்தில் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்போது வடபுறத்து ஊருக்கு உரிய மணலை அது மறுக்கிறது. இவ்வாறு ஓரூரின் பாதுகாப்பு அடுத்த ஊரின் அரிப்பாக மாறுகிறது.

உண்மையான தீர்வு, தடைபட்ட பயணத்தை மீண்டும் தொடங்கி வைப்பதாகும். ஆத்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில், படகுகள் பாதுகாப்பாக நுழைவதற்கென நீட்டப்பட்ட சுவர்கள் வடக்கிலிருந்த கடற்கரைகளின் மணல் வரவைத் தடுத்தன. அதனைச் சரிசெய்ய, 2001 முதல் தென்புறத்தில் சேரும் மணல் நீருடன் உறிஞ்சப்பட்டு, ஆற்றின் அடியில் செல்லும் குழாய்களின் வழியே வடபுறக் கரைகளில் சேர்க்கப்படுகிறது. நம் நாட்டில் விசாகப்பட்டினத்திலும், துறைமுகத்தில் தூர்வாரிய மணலை அரிப்புக்குள்ளாகும் கரையில் சேர்க்கும் வழக்கம் பல்லாண்டுகளாக உள்ளது. இவ்வேற்பாடுகளில் மணல் கழிவாகக் கருதப்படவில்லை. கடன்பட்டுத் திருப்பித் தரவேண்டிய பொருளாகக் கருதப்படுகிறது.

தூசி எங்கே போயிற்று?

சென்னைத் துறைமுகம் நெடுங்காலம் நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் பேரளவில் கையாண்டது. திறந்த வெளியில் குவிக்கப்பட்ட நிலக்கரியிலிருந்து கருந்தூசியும் தாதுவிலிருந்து செந்தூசியும் எழுந்து, நெருக்கமான குடியிருப்புகள் கொண்ட வடசென்னைப் பகுதிகளில் படிந்தன. கண்ணுக்குத் தெரியும் தூசி துணியையும் சுவரையும் கறைப்படுத்தும். கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்களோ மூச்சுடன் நுரையீரலின் ஆழம்வரை சென்று தங்கக்கூடியவை. மக்களின் நெடுநாள் முறையீடு நீதிமன்றத்தை எட்டியது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் கையாள்வதை நிறுத்தி, அவற்றை எண்ணூருக்கு மாற்றவேண்டும் என்று 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அவ்வாண்டு அக்டோபரில் நிலக்கரிக் கப்பல்கள் வடக்கே திரும்பின.

இராயபுரத்து மக்களுக்கு இது பெரும் விடிவு. வருவாய் இழப்பு நேரும் என்ற வாதத்தைவிட மூச்சுவிடும் உரிமை மேலானது என்பதை அத்தீர்ப்பு நிலைநாட்டியது. ஆனால், நிலக்கரி மறைந்துவிடவில்லை. அது சென்றடைந்த எண்ணூரும் மனிதர் வாழும் இடமே.

எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் செயல்படத் தொடங்கியது. 2014-இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் பெற்றது. அனல்மின் நிலையங்களுக்கு வேண்டிய நிலக்கரியை இறக்குவதே அதன் தொடக்ககால நோக்கம். கப்பலிலிருந்து இறங்கும் நிலக்கரி, நகரும் பட்டைகளின் வழியே மின்நிலையத்தை அடைகிறது. அங்கு எரிந்து எஞ்சும் சாம்பல், குழாய்களின் கசிவால், கொசத்தலையாற்றின் கழிமுகப் பகுதியில் படிந்து, மீன்களும் இறால்களும் வாழும் நீர்நிலையின் ஆழத்தைக் குறைத்தது. ஆக, ஒரு கரையில் தூசியாய் இருந்த சிக்கல் மற்றொரு கரையில் தூசியும் சாம்பலுமாய்த் தோன்றியது.

நிலக்கரியை ஓரிடத்திலிருந்து வேறிடத்திற்கு மாற்றுவது பாதிக்கப்படுவோரை மாற்றுமே தவிர, பாதிப்பை நீக்காது. அதனை நீக்க வேறு வழிகள் உள்ளன. குவியல்களை மூடிய கொட்டகைகளுக்குள் வைப்பது முதல் வழி. பட்டைகளுக்கு முழு உறையிடுவது அடுத்தது. நீர்த்தெளிப்பு, காற்றின் வேகத்தைக் குறைக்கும் வலைத்தடுப்பு, வெளியேறும் சரக்குந்துகளின் சக்கரங்களைக் கழுவுதல், துறைமுகத்தைச் சுற்றி மரங்கள் வளர்த்தல் ஆகியன துணைவழிகள். இவற்றுள் நீர்த்தெளிப்புக்கும் ஓர் எல்லை உண்டு. தூசியைக் கழுவிய கரிநீர் வடிகால் வழியே கடலில் கலந்தால், காற்றின் மாசு நீரின் மாசாகிவிடும். அந்நீரைத் தொட்டிகளில் தேக்கி, கசடைப் படியச் செய்து, தெளிந்த நீரை மீண்டும் தெளிப்புக்கே பயன்படுத்தும்போதுதான் அச்செயல் முழுமை பெறுகிறது.

எண்ணெய்ப் படலம்

2017 சனவரி 28 அன்று விடியலுக்கு முன், எண்ணூர்த் துறைமுகத்தை அடுத்த கடலில் இரண்டு கப்பல்கள் மோதின. ஒன்று எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியேறிய கப்பல். மற்றொன்று பெட்ரோலியப் பொருள்களை ஏற்றிக்கொண்டு துறைமுகம் நோக்கி வந்த கப்பல். உயிரிழப்பு நேரவில்லை. ஆனால், உடைந்த பகுதியிலிருந்து கனமான எரிநெய் கடலில் கொட்டியது. அப்பருவத்தில் நீரோட்டம் தெற்கு நோக்கியது ஆதலால், எண்ணெய் திருவொற்றியூர்க் கரையில் அடர்ந்து ஒதுங்கியதுடன், மெரினாவையும் அதற்குத் தெற்கிலுள்ள கரைகளையும் எட்டியது. பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரை தேடிவரும் காலம் அது.

கடல்நீருடன் கலந்த எரிநெய், களிபோல் இறுகிய கசடாக மாறியது. அதனை அகற்றக் கொண்டுவரப்பட்ட உறிஞ்சு பொறிகள் போதிய பயன் தரவில்லை. மீனவர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் கடலோரக் காவல்படையினரும் பாறைகளின் இடுக்குகளில் இறங்கி, வாளிகளால் கசடை அள்ளினர். பலரிடம் அதற்குரிய பாதுகாப்பு உடை இல்லை. அள்ளிய கசடு துறைமுக வளாகத்திற்குக் கொண்டு செல்லப்பட்டு, எண்ணெயை உண்டு சிதைக்கும் நுண்ணுயிரிகளின் துணையால் பக்குவப்படுத்தப்பட்டது. அந்நாள்களில் மீன் வாங்க மக்கள் அஞ்சினர். கடலுக்கே செல்லாத மீனவரும் இழப்பைச் சுமந்தனர்.

இத்தகைய விபத்தை எதிர்கொள்ள இந்தியாவில் 1993 முதல் தேசிய எண்ணெய்க் கசிவுப் பேரிடர்த் திட்டம் உள்ளது. அதனை ஒருங்கிணைக்கும் பொறுப்பு கடலோரக் காவல்படையினுடையது. துறைமுக எல்லைக்குள் நிகழும் கசிவைக் கட்டுப்படுத்தும் ஆயத்தம் துறைமுகத்திடமே இருக்கவேண்டும். எண்ணெய் பரவாதபடி வளைத்துக்கட்டும் மிதவைத் தடுப்புகள், நீரின் மேற்பரப்பிலிருந்து எண்ணெயை வழித்தெடுக்கும் கருவிகள், பயிற்சிபெற்ற பணியாளர்கள் ஆகியோர் எந்நேரமும் அணியமாக இருத்தல் வேண்டும். ஏனெனில், எண்ணெய்க் கசிவில் முதல் சில மணிநேரமே முடிவைத் தீர்மானிக்கிறது. மிதவைக்குள் அகப்பட்ட எண்ணெய் ஓரிடத்துச் சிக்கல். கரையேறிய எண்ணெய் பல ஊர்களின் துயரம்.

எண்ணெயைச் சிறு துளிகளாகச் சிதறடிக்கும் வேதிப்பொருள்களும் உள்ளன. அவற்றைத் தெளித்ததும் படலம் கண்ணைவிட்டு மறையும். ஆனால், சிதறிய எண்ணெய் அடிநீருக்குள் இறங்கி, மீன்குஞ்சுகளும் முட்டைகளும் இருக்கும் பகுதியில் கலக்கும். அதனால்தான் ஆழம் குறைந்த கரையோர நீரில் அவற்றைப் பயன்படுத்துவதில் மிகுந்த எச்சரிக்கை தேவைப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாமற்போவது வேறு, இல்லாமற்போவது வேறு.

தெரிந்து தெளிவோம்

1967-இல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலில் 'டோரி கேன்யன்' என்னும் எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதியது. அப்பெருங்கசிவு உலகின் கவனத்தை ஈர்த்தது. அதன்பின் 1973-இல் உருவாகி, 1978-இல் விரிவாக்கப்பட்ட பன்னாட்டு உடன்படிக்கை 'மார்போல்' எனப்படுகிறது. எண்ணெய், நச்சு நீர்மங்கள், கழிவுநீர், குப்பை, புகை முதலியவற்றால் கப்பல்கள் கடலையும் காற்றையும் மாசுபடுத்துவதை அது கட்டுப்படுத்துகிறது. கப்பல்கள் தம் கழிவை இறக்குவதற்கு உரிய வசதியைத் துறைமுகங்களில் ஏற்படுத்தித் தருவதும் அவ்வுடன்படிக்கையின்படி நாடுகளின் கடமையாகும்.

அழையா விருந்தாளி

சரக்கை இறக்கிய கப்பல் எடை குறைந்து கடலில் தள்ளாடும். அதனைத் தவிர்க்க, அடியிலுள்ள தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொள்வர். கப்பலை நிலைநிறுத்தும் இந்நீரைப் 'பாலஸ்ட் நீர்' என்பர். அடுத்த துறைமுகத்தில் சரக்கை ஏற்றும்போது அந்நீர் வெளியேற்றப்படும். ஒரு கடலில் அள்ளிய நீருடன் அக்கடலின் நுண்ணுயிரிகளும் முட்டைகளும் இளம்பருவ உயிரிகளும் வேறொரு கடலுக்குக் குடிபெயர்கின்றன. புதிய இடத்தில் அவற்றைக் கட்டுப்படுத்தும் இயற்கைப் பகைகள் இல்லாதபோது அவை பெருகி, அங்குள்ள உயிர்களை நெருக்கி அழிக்கின்றன. கருங்கடலுக்கு இவ்வாறு வந்த ஒருவகைச் சீப்புச்சொறி, மீன்களின் உணவையும் முட்டைகளையும் உண்டு பெருகியதால், 1980-களின் இறுதியில் அங்கு நெத்திலி மீன்பிடிப்பு பெரும் வீழ்ச்சி கண்டது.

நம் கரையும் இதற்கு விலக்கன்று. எண்ணூர்க் கழிமுகத்தில் அண்மை ஆண்டுகளில் ஒரு கருஞ்சிப்பி விரைந்து பரவியுள்ளது. நடு அமெரிக்க, தென் அமெரிக்கக் கரைகளைத் தாயகமாகக் கொண்ட அதனை இங்குள்ள மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று அழைக்கின்றனர். அது கப்பல்களின் வழியே வந்திருக்கவேண்டும் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அடிமண்ணின்மேல் விரித்த பாய்போல் அது படர்ந்துவிடுவதால், மண்ணில் புதைந்து வாழும் மட்டிகள் மூச்சின்றி மடிகின்றன. இறால்கள் தங்கும் சேற்றுப்பரப்பு மறைகிறது. நீரில் இறங்கிக் கைகளால் துழாவி இறால் பிடிப்போரின் பிழைப்பு இதனால் குன்றியுள்ளது. இச்சிக்கல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் கவனத்திற்கும் சென்றுள்ளது. எண்ணெயை நாள்கணக்கில் அள்ளிவிடலாம். வேரூன்றிவிட்ட அயல் உயிரினத்தை முற்றிலும் அகற்றுவது ஏறத்தாழ இயலாத செயல்.

எனவே, வருமுன் காத்தலே இங்கு வழி. கப்பல்களின் பாலஸ்ட் நீரைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை 2004-இல் ஏற்கப்பட்டு, 2017 செப்டம்பர் 8 முதல் நடைமுறைக்கு வந்தது. கரையிலிருந்து தொலைவில் ஆழ்கடலில் நீரை மாற்றிக்கொள்ளுதல் அதன் தொடக்கநிலை விதி. வடிகட்டியும் புற ஊதாக்கதிர் முதலியவற்றைச் செலுத்தியும் நீரைத் தூய்மை செய்யும் கருவியைக் கப்பலிலேயே பொருத்துதல் அடுத்த நிலை. அவ்வாறு தூய்மை செய்த நீரில், 50 மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும் அளவுள்ள உயிருள்ளவை ஒரு கன மீட்டருக்குப் பத்துக்கும் குறைவாகவே இருக்கவேண்டும். துறைமுகம் அந்நீரின் மாதிரியை எடுத்துச் சோதிக்கும்போதுதான் இவ்விதிக்கு உயிர் வருகிறது.

புகையின் முகவரி

கடலோடும் பெருங்கப்பல்களின் எரிபொருளில் கந்தகம் மிகுதி. 2020 சனவரி 1 முதல் அதன் உச்ச அளவை 3.50 விழுக்காட்டிலிருந்து 0.50 விழுக்காடாகப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு குறைத்தது. சில கப்பல்கள் எரிபொருளை மாற்றின. வேறு சில, பழைய எரிபொருளையே எரித்து, புகையைக் கடல்நீரால் கழுவும் கருவிகளைப் பொருத்திக்கொண்டன. கழுவிய நீரைக் கடலிலேயே விடும் கருவியால் புகைபோக்கி தூய்மையாகும், கடல் தூய்மையாகாது. இதனை உணர்ந்து, சிங்கப்பூர் தன் துறைமுக நீரில் அத்தகைய கருவிகளை இயக்குவதற்கு அதே நாள்முதல் தடைவிதித்தது.

தளத்தில் நிற்கும் கப்பலும் புகை விடுகிறது. விளக்கு, குளிரூட்டி, ஏற்றக் கருவிகள் ஆகியவற்றுக்கான மின்சாரத்தைப் பெற அதன் துணைப்பொறிகள் ஓடிக்கொண்டே இருக்கும். கரையிலிருந்து மின்கம்பி வழியே மின்சாரம் அளித்தால் அப்பொறிகளை நிறுத்திவிடலாம். இதனைச் சரக்குப் பெட்டக முனையத்தில் செயல்படுத்திக் காட்டிய முன்னோடி, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகம். அதற்குத் தூண்டுகோலாய் இருந்தவர்கள் அண்டைவாழ் மக்கள். புதிய முனையம் ஒன்றால் தம் காற்று கெடும் என்று 2001-இல் அவர்கள் தொடுத்த வழக்கின் விளைவாக, 2004-இல் அங்குக் கரைமின்சாரம் பாய்ந்தது. 2006-இல் லாஸ் ஏஞ்சல்ஸ், லாங் பீச் ஆகிய இரட்டைத் துறைமுகங்கள் தூய காற்றுத் திட்டம் ஒன்றை வகுத்தன. கப்பல், சரக்குந்து, பளுதூக்கி, தொடர்வண்டி எனப் புகைவிடும் ஒவ்வொன்றையும் ஆண்டுதோறும் கணக்கெடுத்து வெளியிடத் தொடங்கின. பத்தாண்டுகளுக்குள் லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகத்தின் டீசல் நுண்துகள் உமிழ்வு, 2005-ஆம் ஆண்டு அளவிலிருந்து 80 விழுக்காட்டுக்கும் மேலாகக் குறைந்தது. அங்குக் கையாளப்பட்ட பெட்டகங்களின் எண்ணிக்கையோ குறையவில்லை. வணிகமும் தூய காற்றும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல என்பதற்கு இது சான்று.

இவ்வெற்றியிலும் நாம் கருதவேண்டிய இரண்டு செய்திகள் உண்டு. பழைய சரக்குந்துகள் 2008 முதல் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபோது, புதிய வண்டிக்கான கடன்சுமை சிறு வருவாய் உடைய ஓட்டுநர்கள் பலரின் தோளில் ஏறியது. மாசு குறைந்தது, அதன் செலவு வலுக்குறைந்தோர்பால் சாய்ந்தது. அடுத்து, கரைமின்சாரம் தூயதாவது அம்மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. அது நிலக்கரியால் ஆக்கப்பட்டதாயின், துறைமுகத்தில் அடங்கிய புகை மின்நிலையத்தில் எழும். காற்றாலும் கதிரொளியாலும் ஆக்கப்பட்டதாயின், புகைக்கு முகவரியே இராது.

கணக்கில் ஏற்றுவோம்

ஐந்து சரக்குகளின் கதையையும் ஒருசேர நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். மாசு எளிதில் இடம்பெயரும். தெற்கிலிருந்து வடக்கிற்கும், இராயபுரத்திலிருந்து எண்ணூருக்கும், காற்றிலிருந்து நீருக்கும், மேல்நீரிலிருந்து அடிநீருக்கும், வலியோரிடமிருந்து எளியோருக்கும் அது நகர்ந்துகொண்டே இருக்கும். ஆதலால், சூழல் பாதுகாப்பு என்ற பெயரில் மேற்கொள்ளப்படும் ஒவ்வொரு முயற்சியிடமும் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். மாசு நீக்கப்பட்டதா, நகர்த்தப்பட்டதா? அதனை அளப்பவர் யார். அவ்வளவு பொதுமக்கள் அறிய வெளியிடப்படுகிறதா? அதற்கான செலவை ஏற்பவர் யார்?

2023-இல் இந்திய அரசு துறைமுகங்களுக்கென 'ஹரித் சாகர்' என்னும் பசுமை வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஒரு டன் சரக்கைக் கையாளும்போது வெளியாகும் கரியமில உமிழ்வை 2030-க்குள் 30 விழுக்காடும் 2047-க்குள் 70 விழுக்காடும் குறைப்பது அதன் இலக்கு. வரவேற்கத்தக்க இந்த இலக்கையும் கூர்ந்து படிக்கப் பழகுதல் நலம். ஒரு டன்னுக்கு 30 விழுக்காடு குறைந்து, சரக்கின் அளவு இருமடங்கானால், மொத்த உமிழ்வு முன்னைவிட 1.4 மடங்காகும். அண்டைவாழ் மக்களின் நுரையீரல் டன் கணக்குப் பார்த்து மூச்சுவிடுவதில்லை. மொத்தக் காற்றையே அது உள்வாங்குகிறது. எனவே, ஒரு டன்னுக்கான கணக்குடன் மொத்தக் கணக்கும் தேவை.

துறைமுகம் வேண்டாம் என்பது இங்கு வாதமன்று. திரைகடலோடியும் திரவியம் தேடச் சொன்ன மரபு நம்முடையது. துறைமுகம் பல்லாயிரவர்க்கு வாழ்வளிக்கிறது. அதே கடலை நம்பி, துறைமுகம் எழுவதற்கு முன்பிருந்தே வலைவீசி வாழ்பவர்களும் உள்ளனர். ஒருவரின் ஆக்கத்திற்கு மற்றவர் அறியாமலே விலைகொடுக்கும் நிலை அறமாகாது.

காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கச் சாவடியில் முத்திரை பெறாத பொதி வெளியே செல்ல இயலவில்லை. அந்த விழிப்பு இன்று நம் துறைமுகங்களுக்கு மீண்டும் தேவைப்படுகிறது. சிக்கிய மணலும் பறந்த தூசியும் கசிந்த எண்ணெயும் ஒளிந்துவந்த சிப்பியும் உமிழ்ந்த புகையும் பொறுப்புடையோரின் பெயருடன் ஏட்டில் ஏறவேண்டும். அந்நாளில் எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கித் துழாவும் கைகளுக்குச் சாம்பலும் சிப்பியோடும் அன்றி, இறால் தட்டுப்படும்.